குறுக்கே ஒரு கறுப்புக் கோடு

சுங்குடிச் சேலை விற்கிறவர்களுக்குப் பங்குனி மாதம் கையில் காசு புரள வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரைக்குள் வந்து இறங்கும்போது அலமாரியில் சரக்கு இல்லையென்றால் அந்த வருஷம் போனது போனதுதான். 2024 மார்ச்சில் அதற்காகத்தான் மூன்று லட்சம் கடன் கேட்டேன். பதினோரு வருஷமாக வரவு செலவு வைத்திருக்கிற வங்கி அது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, அப்படியே சாயப்பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வரலாம் என்று பையில் நூறு ரூபாய்க்குப் பழம்கூட வாங்கி வைத்திருந்தேன்.

கடன் பிரிவில் இருக்கிற தங்கச்சி என்னைக் கண்டதும் எழுந்து வந்தது. "அக்கா, இங்கிட்டு வாங்க" என்று தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னது.

"உங்க சிபில்ல ரெண்டு பாக்கி காட்டுதுக்கா. ஒரு கிரெடிட் கார்டு, ஒரு சின்ன லோன். ரெண்டையும் கட்டாம விட்ருக்கீங்க."

நான் என் வாழ்நாளில் கிரெடிட் கார்டு வாங்கியதில்லை. எதிரே இருந்த கணினித் திரையை எனக்குத் திருப்பிக் காட்டியது அந்தப் பிள்ளை. என் பெயர், என் பிறந்த தேதி, என் பான் எண் எல்லாம் சரியாக இருந்தன. 2023 ஜூனில் எடுத்த கார்டு, வரம்பு ஐம்பதாயிரம், வட்டியோடு நிலுவை 67,412 ரூபாய். செல்போன் செயலி ஒன்றில் எடுத்த கடன் பதினைந்தாயிரம், நிலுவை 19,880. வயிற்றில் புளியைக் கரைத்தது. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. ஒரு தப்பும் செய்யாமல் தப்புச் செய்தவளைப்போலக் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இந்த அனுபவத்தை விரிவாக எழுத நினைத்ததற்குக் காரணமே அதுதான். இப்படி ஒன்று நடந்தால் முதலில் வருவது கோபமல்ல, வெட்கம். அந்த வெட்கத்தில் நாம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் திருடினவனுக்கு லாபம். எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்து, ஒரு வருஷத்துக்குள் மூன்று பேருக்கு மூன்று விதமாக நடந்தது. மூன்றிலும் கண்டது இதுதான்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் முழு கடன் அறிக்கையை எடுத்தேன். இந்தியாவில் இப்படிக் கடன் விவரம் வைத்திருக்கிற நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி நான்கும் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். நேராக அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய் எடுங்கள். 'ஒரு நிமிஷத்தில் ஸ்கோர் பார்க்கலாம்' என்று விளம்பரம் வருகிற செயலிகளில் பான் எண்ணைக் கொடுத்தால், ஸ்கோரோடு சேர்ந்து கடன் வேண்டுமா என்ற அழைப்புகளும் வரும்.

வெறும் மதிப்பெண்ணைப் பார்த்தால் போதாது. முழு அறிக்கையில் 'விசாரணை' என்று ஒரு பகுதி இருக்கும். யார் யார், எந்தத் தேதியில் உங்கள் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள் என்பது அதில் இருக்கும். என்னுடையதில் 2023 மே, ஜூன் இரண்டு மாதத்தில் மட்டும் ஏழு நிறுவனங்கள் பார்த்திருந்தன. நான் ஒருவரிடமும் கடன் கேட்டிருக்கவில்லை. யாரோ என் பெயரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறார்கள். ஐந்து கதவு திறக்கவில்லை, இரண்டு திறந்திருக்கிறது. அந்த மே மாதமே நான் அறிக்கையைப் பார்த்திருந்தால் கார்டு வருவதற்கு முன்பே நிறுத்தியிருக்கலாம். இப்போது நான்கு நிறுவனங்களையும் பங்கு பிரித்து ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று எடுக்கிறேன். காசு செலவில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என் பெயரை நானே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

அறிக்கையில் முகவரி என்ற இடத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த செல்லூர் வீடு இருந்தது. 2021-லேயே காலி செய்துகொண்டு ஆனையூருக்கு வந்துவிட்டோம். ஆதாரில் முகவரியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து, மாற்றாமல் விட்டிருந்தேன். மறுநாள் காலை செல்லூருக்குப் போனேன். வீட்டுக்கார ஆச்சி என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக உள்ளே போய், தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருந்த நாலு கவரை எடுத்து வந்தார்.

"உனக்குத்தான் தாயி வந்துச்சு. நீ வந்தா குடுக்கலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்."

மூன்று கவர் கார்டு கொடுத்த வங்கியிலிருந்து. நாலாவது ஒரு வக்கீல் நோட்டீஸ். அதிலிருந்த தேதிக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. ஆச்சி மேல் எந்தத் தவறும் இல்லை. அவர் பத்திரப்படுத்தியதால்தான் எனக்கு அந்த வங்கியின் கடித எண்ணாவது கிடைத்தது. வீடு மாறினால் கேஸ், ரேஷன் என்று அலைகிற நாம், ஆதார், பான், வங்கி மூன்றிலும் முகவரியை மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். நமக்கு வருகிற எச்சரிக்கை பழைய வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது. மதுரைக் கிளைக்குப் போனால், "கார்டு பிரிவு இங்க இல்லம்மா, மெயில் போடுங்க" என்றார்கள். மெயிலுக்குப் பதில் வரவில்லை. வந்தது வசூல் ஆளின் போன்தான். "இருபத்தஞ்சாயிரம் கட்டுங்க மேடம், செட்டில்மென்ட்னு முடிச்சுத் தர்றேன், லோன் கிடைச்சிரும்" என்றார். திருவிழாவுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. என் வீட்டுக்காரரே, "கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாப்பமா?" என்று கேட்டார். நானும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

நல்லவேளை, கடன் பிரிவில் இருந்த அந்தத் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "அக்கா, கட்டவே கட்டாதீங்க. கட்டினா அந்தக் கடன் உங்களோடதுன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அது போக, 'செட்டில்டு'ன்னு அறிக்கையில விழுந்துச்சுன்னா அதுவும் கெட்ட பேருதான். குறைச்சுக் கட்டினவங்கன்னு அர்த்தம்" என்றது. அந்தப் பிள்ளைக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நாம் வாங்காத கடனுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டக்கூடாது. பேரம் பேசுகிற வசூல் ஆளிடம் வாயால் எதையும் ஒத்துக்கொள்ளவும் கூடாது. "இது என் கடன் அல்ல, எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு செய்தவற்றைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்தேன். அந்த ஒப்புகை எண்ணோடு மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாவட்டக் காவல்துறையின் சைபர் பிரிவு தனி. என் பெயரையும் அடையாள எண்ணையும் ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்தப் பிரிவு எண்ணைப் புகாரில் குறிப்பிட்டிருந்தேன். புகாரை எழுதும்போது கதை சொல்லாமல் தேதி, தொகை, கடன் கணக்கு எண், எனக்குத் தெரிய வந்த நாள் என்று வரிசையாக எழுதியது ரொம்ப உதவியது. கடை நோட்டு எழுதிப் பழகின கை என்பதால் அது எனக்குக் கஷ்டமாக இல்லை.

அந்த ரசீதைக் காட்டிய பிறகுதான் வங்கிக்காரர்கள் என்னை உட்காரச் சொன்னார்கள். கார்டுக்காகக் கொடுக்கப்பட்ட விண்ணப்பத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி, கிளை மேலாளர் கணினியிலிருந்து அச்செடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது உங்க போட்டோ, உங்க ஆதார், உங்க பான் கார்டு. உங்களுது இல்லன்னா எப்படிம்மா?"

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆதார், கீழே பான் கார்டு, ஒரே பக்கத்தில் எடுத்த ஜெராக்ஸ். ஆதாரில் என் முகத்தில் இடது காதை ஒட்டி, மேலிருந்து கீழாகப் பான் கார்டு வரைக்கும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தது. ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியில் கீறல் இருந்தால் விழுமே, அந்தக் கோடு. அந்தத் தாளை எனக்குத் தெரியும்.

2022 தீபாவளிக்கு முன்னால் தவணையில் ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கடைப் பையன் ஆதாரும் பானும் ஒரே தாளில் ஜெராக்ஸ் கேட்டான். கீழே இருந்த கடையில் எடுத்து, தமிழில் என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். "கோடு விழுந்திருக்குக்கா, சிஸ்டத்துல ஏறாது, வேற எடுத்துட்டு வாங்க" என்றான். மறுபடி மாடியிறங்கிப் போய் வேறு எடுத்து வந்தேன். முதல் தாள் மேசை மேலேயே கிடந்தது. "அது கெடக்கட்டும்க்கா" என்றான். நானும் அவசரத்தில் கிளம்பிவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாள், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட தாள், எண்ணிக்கையில் இல்லாத தாள். ஏழு மாதம் கழித்து அதற்கு ஒரு கார்டு விளைந்திருக்கிறது.

அந்தக் கடையில் யார் எடுத்தார், எத்தனை கை மாறியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதனால் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு முத்திரை குத்தியிருந்தது: ஓஎஸ்வி. மூலச் சான்றைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தேன் என்று ஏஜென்ட் குத்துகிற சீல். இந்த விண்ணப்பத்துக்காக என் ஆதார் கார்டு என் பீரோவை விட்டு வெளியே போகவே இல்லை. அவர் எதைப் பார்த்தார்?

அடுத்த பக்கம்தான் எனக்கு வழியைத் திறந்தது. விண்ணப்பத்தில் போட்டிருந்த கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறேன். பான் கார்டிலும் அதே தமிழ்க் கையெழுத்துத்தான். அவர்கள் கொடுத்த ஜெராக்ஸிலேயே, என் தமிழ்க் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்த ஆங்கிலக் கையெழுத்து உட்கார்ந்திருந்தது. மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு "எப்படிம்மா" என்று அவர் கேட்கவில்லை.

கேட்காத ஒருவர் பெயரில் கார்டு கொடுத்து, அது தவறாகப் பயன்பட்டால் அந்த நஷ்டம் கார்டு கொடுத்தவருடையதுதான், பெயருக்கு உரியவரைப் பொறுப்பாக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட கார்டு விதிகளில் இருக்கிறது. இதை எழுதிக் கொடுத்தேன். அதே நாளில் சிபிலிலும் மற்ற மூன்றிலும் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்று ஆட்சேபம் பதிந்தேன். முப்பது நாளுக்குள் அவர்கள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறை வந்துவிட்டது. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம். நான் போனேன். கார்டுப் பாக்கி எழுபத்தி மூன்றாம் நாள் அறிக்கையிலிருந்து நீங்கியது. செயலிக் கடன் நீங்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. அந்தச் சித்திரைக்கு அழகர் ஆற்றில் இறங்கினபோது என் அலமாரியில் பாதிதான் சரக்கு.

விண்ணப்பத்தில் இருந்த செல்போன் எண் எனக்குத் தெரியாத எண். அதுவும் என் பெயரில்தான் வாங்கப்பட்டிருந்தது. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், நம் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்று காட்டும். எனக்கு மூன்று காட்டியது, நான் வைத்திருப்பது இரண்டு. மூன்றாவதை 'இது என் எண் அல்ல' என்று குறித்தேன், பிறகு துண்டித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷ வேலை. இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள், வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் சேர்த்து. கார்டு வந்த குறுஞ்செய்தி, பாக்கி என்ற குறுஞ்செய்தி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

தம்பியின் கதை சின்னது. அவனிடம் இருப்பது முறையாக வாங்கிய கிரெடிட் கார்டு. ஒரு நாள் பின்னிரவு 2.40-க்கு, ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் டாலர் கணக்கில் மூன்று தடவையாக இருபத்திரண்டாயிரம் ரூபாய் போயிருக்கிறது. ஓடிபி வரவே இல்லை. நம் நாட்டுத் தளங்களில்தான் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்னால் இருக்கிற மூன்று இலக்கமும் போதும். எப்போதோ ஒரு வகுப்புக்குப் பணம் கட்ட வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தவன் அப்படியே விட்டிருக்கிறான். காலையில் குறுஞ்செய்தியைப் பார்த்ததும், பல் விளக்குவதற்கு முன்னாடியே செயலியில் கார்டை முடக்கினான். வங்கிக்குப் போன் செய்து புகார் எண் வாங்கினான், அதையே மெயிலிலும் எழுதினான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இதற்குத்தான் இருக்கிறது. நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, இடையில் எங்கோ திருடு போனது என்றால், செய்தி வந்த நாளை விட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கார்டுக்கு அதிகபட்சம் பத்தாயிரம் வரை நம் தலையில் விழலாம். அதற்கும் மேல் போனால் வங்கி வைத்திருக்கிற கொள்கைதான். தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் வங்கிக்கே. பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகத் திருப்பி வைக்க வேண்டும். தம்பிக்கு எட்டாம் நாள் வந்தது.

எல்லா வங்கிச் செயலியிலும் கார்டுப் பகுதியில் இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிப் பணம் கட்டுவது என்று தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. வெளிநாட்டை அணைத்து வையுங்கள். தட்டிக் கட்டுவதில் ஐயாயிரம் வரை பின் எண் கேட்காது, அதன் வரம்பையும் குறைத்து வைக்கலாம். ராத்திரி அறை விளக்கை அணைப்பதுபோல இதுவும் கைப்பழக்கம் ஆகிவிடும்.

இனி அப்பா கதை. எழுதுவதற்கே மனசு கனக்கிறது.

அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைப்புத் தொகையின் பேரில் ஒரு கார்டு வைத்திருந்தார், மருந்துச் செலவுக்கு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன். அழகான தமிழில், "ஐயா, உங்க கார்டுல 6,240 பாயிண்ட் இருக்கு, இன்னைக்கு ராத்திரியோட காலாவதி ஆகுது" என்று ஒரு பெண் பேசியிருக்கிறாள். அப்பாவின் முழுப் பெயர், கார்டின் கடைசி நாலு எண், பிறந்த வருஷம் எல்லாம் அவளே சொன்னாளாம். நம்மைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதையே நாம் நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அது திருட்டுச் சரக்கு என்று தோன்றுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பி, "இதை இன்ஸ்டால் பண்ணுங்கய்யா, நான் லைன்லயே இருக்கேன்" என்றிருக்கிறாள். ஏபிகே என்று முடிகிற கோப்பு. அப்பா நிறுவிவிட்டார். கார்டு விவரத்தையும் அதில் போட்டுவிட்டார். 29,700 ரூபாய் போனது.

அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் இன்னொரு 9,000 போனது. அந்தச் செயலி போனுக்கு வருகிற குறுஞ்செய்தியை எல்லாம் அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது, ஓடிபி உட்பட. அப்போதும் அவர் சொல்லவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் காபி கொடுக்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி கேட்டார். "தாயி, இந்த ஓடிபிங்கிறது எத்தனை நேரம் உசுரோட இருக்கும்?" அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிமுடித்தார். "உங்கம்மாட்ட சொல்லாத" என்றார். நாற்பது வருஷம் தறிச் சத்தத்தில் நின்று எங்களை ஆளாக்கினவர், திருடினவனைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உடனே 1930-க்கு அடித்தேன். சைபர் குற்றத்துக்கான அந்த எண்ணில் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போகும். ஆனால் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிஷக் கணக்கில் தாவுகிறது. சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது, எங்களுக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. ஒரு கணக்கில் மிஞ்சிக் கிடந்த 4,100 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டது.

நாமே விவரத்தைக் கொடுத்துவிட்டால் அந்த 2017 விதி வேறு மாதிரிப் பேசும். வங்கியிடம் சொல்கிற நிமிஷம் வரை போனது நம் நஷ்டம், சொன்ன பிறகு போவது வங்கியின் நஷ்டம். அப்படியென்றால் வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது ஒன்பதாயிரம் எங்களுடையதாக இருந்திருக்காது. வெட்கத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அதுதான். வங்கிக் கவுண்டரில் ஒருவர், "படிச்சவர்தானேய்யா, மெசேஜ் பார்க்க மாட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அப்பா அதன் பிறகு ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிக் கேட்காதீர்கள். வீட்டில் பிள்ளைகளும் கேட்காதீர்கள். திட்டு வாங்கின பெரியவர் அடுத்த தடவை ஐந்து நாள் அல்ல, ஐம்பது நாள் மறைப்பார்.

போனை என்ன செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் விமானப் பயன்முறையில் போட்டு, வைஃபையையும் அணைத்தோம். வேறு போனிலிருந்து கார்டை முடக்கி, மெயில், வங்கி இரண்டின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். அந்தச் செயலியை நீக்கினால் மட்டும் போதாது என்று தம்பி சொன்னதால், படங்களை எடுத்து வைத்துவிட்டுப் போனை முழுக்க அழித்துப் புதிதாக அமைத்தோம். அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் அதை ரத்து செய்ய ##002# அழுத்தினோம்.

வங்கியிலிருந்து வருகிற சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களைத்தான் வங்கிகள் பயன்படுத்த வேண்டும் என்று 2025-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிகளின் இணைய முகவரியும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாறியிருக்கிறது. பத்து இலக்கச் சாதாரண செல் எண்ணிலிருந்து வங்கி பேசுகிறது என்றால் அப்பா இப்போது வைத்துவிடுகிறார். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிற எண்ணுக்கு அவரே திரும்ப அடித்துக் கேட்கிறார். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம், கீழேயே 1930.

ஆதாரைப் பற்றி இரண்டு விஷயம். பெரும்பாலான இடத்தில் முழு எண் தேவையே இல்லை. கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற, மற்றதை மறைத்த ஆதாரை, ஆதார் வழங்குகிற யுஐடிஏஐயின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜ், வாடகை வீடு, கூரியர் என்று கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் கொடுக்கிறேன். இன்னொன்று கைரேகைப் பூட்டு. ஆதார் செயலியில் பூட்டி வைத்தால் நம் ரேகையை நகலெடுத்து வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் பூட்டியபடி ரேஷன் கடைக்குப் போனால் விரல் வைத்தாலும் ஏற்காது. வரிசையில் நிற்கும்போதே தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். முதல் மாதம் எனக்கு அது தெரியாமல் இரண்டு தரம் நடந்தேன்.

ஜெராக்ஸ் கொடுக்காமல் வாழ முடியாது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டிருக்கிறேன். யாருக்கு, எதற்கு, என்றைக்கு, எத்தனை பிரதி என்று எழுதுகிறேன். ஜெராக்ஸ் தாளின் மேலேயும் குறுக்கே, எழுத்து படத்தின் மேல் ஏறும்படி, 'கேஸ் இணைப்பு மாற்றத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஓரத்தில் எழுதினால் மடித்து மறைத்துவிடலாம், குறுக்கே எழுதினால் முடியாது. ஆதாரையும் பானையும் ஒரே தாளில் எடுப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நேரில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறேன். கோடு விழுந்தது, மங்கலாகிவிட்டது என்று ஒதுக்கிய தாளைக் கேட்டு வாங்கி, கடையிலேயே நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். முதலில் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கீழவாசல் பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி இப்போது அவரே எடுத்து நீட்டுகிறார், "இந்தா, ஒன் வேஸ்ட் பேப்பர்" என்று.

போன வாரம் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனோம். அவளுடைய ஆதார் நகல் கேட்டார்கள். நான் பேனாவை எடுப்பதற்குள் அவளே தாளை வாங்கி மேசையில் வைத்து, 'விடுதிச் சேர்க்கைக்கு மட்டும்' என்று கோணலாகக் குறுக்கே எழுதினாள். எழுத்தர், "எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். "எங்கம்மா நோட்டு வச்சிருக்காங்க சார்" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன், நோட்டில் முப்பத்தியெட்டாவது வரி. அடுத்த நோட்டு அவள் பெயரில் தனியாகப் போட வேண்டும்.